முட்டுக்காட்டில் கயாக்: நாற்றத்துக்குக் காரணம் பக்கத்துக் கட்டடமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சனி, ஞாயிறு காலைகளில் முட்டுக்காடு உப்பங்கழியில் கயாக் ஓட்டுகிறோம். இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்புகிறது, கரையோரம் சுவரும் கட்டிவிட்டார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் நாறுகிறது. சென்ற முறை இருவருக்கு வயிற்றுப்போக்கு. ஓட்டுவதையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், நாள் பார்த்து இறங்குங்கள். அந்தக் கட்டடத்தின் மேல் கோபம் வருவது சரிதான். ஆனால் ஆள் இன்னும் குடியேறவில்லை என்றால், நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்து வந்திருக்காது. (தொழிலாளர் கொட்டகையின் கழிப்பறை எங்கே வடிகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி, உங்கள் துடுப்புக்கு அடியில்தான் கடலைத் தேடிப் போகிறது. வழிநெடுக பழைய மாமல்லபுரம் சாலைக் குடியிருப்புகள். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் கழிவுநீர் லாரிதான் கதி. அந்த லாரிகள் எல்லாமே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஓடைகளில் தேங்கிக் கிடப்பதையெல்லாம் முதல் பெருமழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் முகத்துவாரம். கோடையில் மணல் திட்டு வளர்ந்து வாயை அடைத்துவிட்டால் ஓதம் (கடலிலிருந்து ஏறிவரும் நீர்) உள்ளே ஏறாது, அழுக்கும் வெளியே போகாது. அதனால் பெருமழை நின்றபின் குறைந்தது மூன்று நாள் இறங்காதீர்கள். முகத்துவாரம் அடைபட்டிருந்தால் அந்த மூன்று நாள் கணக்கும் செல்லாது. திறந்திருந்தால் ஓதம் ஏறும் நேரமே நல்லது, கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

குடியேறிய பிறகு கதை வேறு. மழையே இல்லாத நாளில், காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், அந்தச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அத்தனை வீடும் குளிக்கும், துவைக்கும் நேரம் அது. மழைநீர்க் குழாய் அப்போது காய்ந்து கிடக்க வேண்டும். ஒழுகினால் சந்தேகப்படலாம். குழாய் வாயில் ஈரப் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கினால் சந்தேகமே வேண்டாம், அது சாக்கடையில் செழிக்கும் பாக்டீரியா. சுத்தமான மழைநீர் ஓடும் குழாயில் அது வளராது.

சுவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் தொல்லைதான். சரிந்த மண்கரை அலையை வாங்கிக்கொள்ளும். செங்குத்துச் சுவர் அதைத் திருப்பி அடிக்கும், போகிற அலையும் திரும்புகிற அலையும் மோதி நீர் கொந்தளிக்கும். மோட்டார் படகு கடந்தால் சுவரிலிருந்து விலகியே இருங்கள். கவிழ்ந்தால் அங்கே கரையேறவும் முடியாது. சுவரடியில் கொட்டிய இடிபாட்டுக் கம்பி காலைக் கிழிக்கும்.

ஊகத்தை விட அளவு நல்லது. கடலோர நீரில் குளிக்கவும் நீர் விளையாட்டுக்கும் அரசு வைத்திருக்கும் வரம்பு, 100 மி.லி.க்கு 100 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா). ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

காகிதத்திலும் பிடி இருக்கிறது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் அந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றுவதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். கழிவுநீரை எங்கே விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

உடம்பு விஷயம்: காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று இறங்க வேண்டாம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிபன். கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இறங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துகூட அது வரும், ஆகவே உப்பங்கழியில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதினால் 'தண்ணீர் நாறுகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒழுகும் குழாயின் படம், தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், ஆய்வகத் தாள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.