உப்புக் காற்றும் வீட்டுக் குழாயும்: வாசகர் கேள்வி-பதில்

பித்தளைக் குழாயில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறது. ஷவரில் பாதித் துளை அடைத்துவிட்டது. ஆசிட் ஊற்றலாமா? (உவரி)

ஆசிட் வேண்டாம். உப்போடு சேர்த்து மேல் பூச்சையும் அரித்துவிடும். பித்தளை வெளியே தெரிந்ததும் முன்பைவிட வேகமாகப் பச்சை பிடிக்கும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துக் கழுவிவிடுங்கள். ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள்.

காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுவதில்லை. தினமும் ஒரு குடம் ஊற்ற வேண்டியிருக்கிறது. (ராதாபுரம்)

கிணற்றுக்குள் பைப்பின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை. தூக்கிப் பாருங்கள், மணல் சிக்கியிருக்கும், இல்லையென்றால் வாஷர் தேய்ந்திருக்கும்.

வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது. என்ன செய்யலாம்? (ஊர் பெயர் இல்லை)

எங்கே ஒழுகுகிறது? டேங்கிலா, சுவரிலா, குழாய் முனையிலா? இரும்புப் பைப்பா, பிளாஸ்டிக்கா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்ல? முதலில் வால்வை அடையுங்கள். அப்புறம் விவரத்தோடு எழுதுங்கள்.

புது வீடு, இரண்டு வருஷம்தான் ஆகிறது. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம், பெயின்ட் உரிகிறது. கடல் காற்றால்தான் என்கிறார் கட்டிக் கொடுத்தவர். (கூடங்குளம்)

காற்றா, பைப்பா என்று நீங்களே பார்க்கலாம். ஈரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்படியானால் ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்த பாத்ரூமுக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வழக்கம்போல் குளியுங்கள். இரண்டு மூன்று நாளில் ஈரம் கோட்டுக்குள் சுருங்கினால் பைப்தான். சுருங்காவிட்டால் டைல்ஸ் இடுக்கையும் கழிவுநீர்ப் பைப்பையும் பாருங்கள்.

பைப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன்: பைப்பில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் சுவரைப் பூச விடாதீர்கள். என் அக்கா வீட்டில் “எல்லாம் பார்த்தாச்சு” என்று சொல்லி டைல்ஸ் ஒட்டினார்கள். முதல் ஐப்பசி மழையில் ஈரம் தெரிந்தது, மழைத் தண்ணீர் என்றார்கள். தையிலும் காயவில்லை. உடைத்துப் பார்த்தால் ஒரு எல்போவில், அதாவது பைப் திரும்பும் வளைவில், ஒட்டும் சொல்யூஷன் தொட்ட அடையாளமே இல்லை. வெறுமனே செருகி வைத்திருந்தார்கள். கையால் இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. அந்த எல்போவை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு மாடி உயர டேங்க் தருவது சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம்தான். குழாயைத் திறந்து “தண்ணீர் வருது பாருங்க” என்று காட்டுவது டெஸ்ட் இல்லை. சொல்யூஷன் போட்டு ஒரு நாள் காயவிட்டு, கைப்பம்பால் ஏழெட்டு கிலோ ஏற்றி, மீட்டர் முள் இரண்டு மணி நேரம் இறங்காமல் நிற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கப்புறம் பூசட்டும். நம் பக்கம் கலவைக்கே உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தச் சுவருக்குள் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.

கீசர் காயில் வருஷா வருஷம் போகிறது. போர் தண்ணீர்தான். (திசையன்விளை)

காயிலில் உப்பு ஓடு கட்டுகிறது. சூட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக்கூட ஓடும் கூடும். வருஷத்துக்கு ஒரு முறை ஆனோடு கம்பியைக் கழற்றிப் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபடத்தான் அது இருக்கிறது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே சுத்தம் செய்ய இங்கேயும் ஆசிட் வேண்டாம்.

அந்த கீசருக்கு யுபிவிசி பைப் போடலாமா? (அதே வாசகர்)

கூடாது. அது பச்சைத் தண்ணீருக்கான பிளாஸ்டிக், சூட்டில் இளகிவிடும். வெந்நீருக்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப். மொட்டை மாடியில் வெயில் படும் பைப் எதுவானாலும் தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு முன்னால் அடிப்பது நல்லது.