பாம்புக் கூண்டுக்குக் கவிழாத தண்ணீர்க் கிண்ணம்: லண்டனுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

கேட்டது இது: லண்டனுக்கு வந்து சில மாதங்கள், வாடகை வீடு. மகன் ஆசைப்பட்டான் என்று 2 வயது கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு) ஒன்றை மர விவேரியத்தோடு (மரக் கூண்டு) வாங்கியாயிற்று. டேக்அவே பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைக்கிறார்கள். அடிக்கடி கொட்டுகிறது, ஆஸ்பன் (அடியில் பரப்பும் மரச்சீவல்) நனைகிறது, அடிப்பலகை ஓரம் உப்ப ஆரம்பித்துவிட்டது. 'ஸ்பில் ப்ரூஃப்' (கொட்டாதது) என்று போட்டிருக்கும் கிண்ணம் வாங்கலாமா?

தம்பி, அந்த லேபிளைப் பார்த்துக் காசு போடாதீர்கள். அது பெரும்பாலும் நாய்க் கிண்ணத்தின் மேல் இருக்கும். நாய் கிண்ணத்தைத் தட்டும், பாம்பு அப்படிச் செய்யாது. அடியில் தலையை விட்டு நெம்பும், விளிம்பில் ஏறிப் படுக்கும், உள்ளே இறங்கிச் சுருண்டுகொள்ளும். அதனால் முதலில் தண்ணீர் எந்த வழியில் வெளியே வருகிறது என்று பாருங்கள்.

கிண்ணம் தலைகீழாகக் கிடந்தால் கவிழ்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்து சாய்ந்திருந்தால் அடியில் குடைந்திருக்கிறது. கிண்ணம் நேராக நிற்க, சுற்றிலும் வட்டமாக ஈரம் இருந்தால் பாம்பு உள்ளே இறங்கித் தண்ணீரை வழிய விட்டிருக்கிறது. நேராக நின்று ஒரே பக்கம் மட்டும் ஈரமா? விளிம்பைத் தாண்டித் தொங்கும் ஆஸ்பன் இழை விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இதைப் பலர் கிண்ணத்தில் விரிசல் என்று நினைத்துப் புதிதாக வாங்குவார்கள். விளிம்பு ஆஸ்பன் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. தெரிந்தால் போதும், அந்தத் தொல்லை தீரும்.

கவிழ்வதற்கு எடையைவிட வடிவம்தான் முக்கியம். டேக்அவே டப்பா அடியில் குறுகி மேலே விரியும். பாம்பு விளிம்பில் உடம்பைப் போட்டதும் எடை அடிப்பாகத்துக்கு வெளியே விழுகிறது, டப்பா சாய்கிறது. அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் கிண்ணத்தில் விளிம்பு அடிப்பாகத்துக்கு உள்ளேயே நிற்பதால், மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் சாயாது. பிறகு பயம் நெம்புவது ஒன்றுதான், அதற்குத்தான் எடை. உங்கள் பாம்புக்கு அடி 13 முதல் 15 செ.மீ., உயரம் 5 அல்லது 6 செ.மீ., காலியாகவே அரைக் கிலோவுக்குக் குறையாத பீங்கான் கிண்ணம் சரி. முயலுக்கும் சிறு நாய்க்கும் விற்கிற பளபளப்புப் பூச்சுப் பீங்கான் கிண்ணங்களில் இந்த வடிவம் கிடைக்கும். செல்லப்பிராணிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, பெரிய சூப்பர்மார்க்கெட்டின் நாய், பூனை வரிசையிலும் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. பாம்பின் எடைக்குச் சமமாக ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். 300 கிராம் பாம்பென்றால் 300 மி.லி. காலிக் கிண்ணத்தின் விளிம்பில் ஓரிடத்தில் அந்தப் பாட்டிலை வைத்துப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் இம்மியாவது எழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாம்பு வளரும், ஆகவே 800 மி.லி. வைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வேண்டாதவை சில. பாறை மாதிரி செய்த ரெசின் கிண்ணம் பார்க்க அழகு, எடையும் உண்டு; ஆனால் சொரசொரப்பில் வழுக்கும் அழுக்குப் படிந்துவிட்டால் தேய்த்துக் கழுவுவது பெரும்பாடு. உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பூச்சில்லாத மண் தட்டில் நீர் கசிந்து அடியை எப்போதும் ஈரமாகவே வைக்கும். மிதக்கும் தட்டு போட்ட நாய்க் கிண்ணத்தில் பாம்பு தட்டுக்கு அடியில் தலையை நுழைக்கும், அது கூடவே கூடாது. லேசான கிண்ணத்தை செலோடேப் போட்டு ஒட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். டேப் செதிலில் ஒட்டினால் பிய்க்கும்போது தோலோடு வரும்.

கனமான கிண்ணத்தை ஆஸ்பன் மேல் வைக்காதீர்கள். ஆஸ்பனை விலக்கி, அடிப்பலகையிலேயே உட்கார வைத்து, சுற்றிலும் ஆஸ்பனை அணைத்துவிடுங்கள். கார்ன் ஸ்நேக் குடையும் பாம்பு. மேலே வைத்தால் அடியில் சுரங்கம் போட்டுக் கிண்ணத்தைச் சாய்க்கும், சில நேரம் அந்த எடைக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இடம் குளிர்ந்த மூலை. இங்கே மர விவேரியத்துக்கு ஹீட் மேட்டை (சூடு தரும் மின்விரிப்பு) உள்ளேயே விரிப்பது வழக்கம் என்பதால் சொல்கிறேன், மேட்டின் மேல் கிண்ணத்தை ஒருநாளும் வைக்காதீர்கள். கிண்ணத்துக்கு அடியில் சூடு அடைந்து ஏறும், தண்ணீர் ஆவியாகி ஆஸ்பனில் பூஞ்சை வரும். அதைவிட ஆபத்து, கொட்டிய தண்ணீரில், மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் புரோப் (சூட்டை அளக்கும் முனை) நனைவது. நனைந்த புரோப் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட்டும் 'இன்னும் குளிர்' என்று மேட்டை அணைக்காமல் ஓடவிடும். புரோப்பைக் கிண்ணத்துக்கு எதிர்க்கோடியில் பொருத்துங்கள்.

வழிந்து கொட்டுவதற்குக் கணக்கு எளிது. பாம்பின் உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். 300 கிராம் பாம்பு முழுக்க இறங்கினால் சுமார் 300 மி.லி. மேலே ஏறும். அது ஏறுமளவு இடம் விட்டு ஊற்றுங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் கிண்ணத்தில் பாதி போதும். அல்லது பாம்பு சுருண்டு உட்கார முடியாத அளவு சிறிய கிண்ணமாக வையுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். காற்றில் கூடுதல் ஈரம் கேட்கும் ராயல் பைதான் (ஒரு சிறு மலைப்பாம்பு) என்றால் பெரிய கிண்ணம் வைக்கலாம்.

இனி பலகை. மெலமைன் ஒட்டிய சிப்போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) மேலே நனைந்தால் ஒன்றும் ஆகாது, இணைப்பில் தண்ணீர் இறங்கினால்தான் உப்பும். உப்பியது திரும்பாது, மேலும் பரவாமல் தடுக்கலாம். பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றி, பலகையை நன்றாகக் காயவிட்டு, உள் இணைப்பு முழுக்க மீன்தொட்டிக்கு விற்கும் சிலிக்கான் பசை பூசுங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அது வேண்டாம். பசையின் வினிகர் வாசனை அறவே போன பிறகே பாம்பைத் திரும்ப விடுங்கள், அதற்குச் சில நாள் பிடிக்கும். விவேரியம் கார்ப்பெட் மேல் நின்றால் அடியில் தண்ணீர் புகாத விரிப்பு ஒன்று போடுங்கள், கார்ப்பெட் கறைக்கு டெபாசிட்டில்தான் கைவைப்பார்கள். பாம்பு வளர்க்க வீட்டுக்காரரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் நாட்டுப் பாம்பு வளர்த்தால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். இங்கே கார்ன் ஸ்நேக்குக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் 2006 விலங்கு நலச் சட்டப்படி அதன் நலத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், எச்சமிட்டால் உடனே. கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தனி வாளி, தனி பிரஷ். லண்டன் குழாய் நீரில் சுண்ணாம்பு அதிகம். வெள்ளைப் படலம் வந்தால் வினிகரில் அரை மணி ஊறவைத்துத் தேய்த்து நன்றாக அலசுங்கள்.

எல்லாம் சரி செய்தும் பாம்பு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் கிண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள். சட்டை உரிக்கப்போகிறதா, குளிர்ந்த பக்கம் 24 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தண்ணீரை வெள்ளைக் கிச்சன் ரோலில் வடியுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் தங்கினால் மைட் என்னும் சிற்றுண்ணி. ஆஸ்பனை மொத்தமாக எடுத்துப் போட்டுவிட்டுப் பேப்பர் விரித்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லா மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.