வயதான நாய் ராத்திரியில் தூங்கவில்லையா?

கேள்வி: எங்கள் நாய்க்கு 11 வயது. இரண்டு மாதமாக நள்ளிரவில் எழுந்து வீடு முழுக்க நடக்கிறது, முனகுகிறது, பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறது. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கால் வலிக்குமோ என்று நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்துதான், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இந்த வயதில் புதிதாகத் தூக்கம் கெட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது மூட்டு வலியைத்தான். பகலில் தூங்கினாலும் இடையிடையே எழுந்து நடமாடுவதால் அவ்வளவாகத் தெரியாது, ராத்திரி ரொம்ப நேரம் படுத்துக் கிடந்தால் மூட்டு விறைத்துவிடும், அதனால்தான் எழுந்து நடக்கிறது. படுக்கத் தோதான இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறதா, எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, படியேறத் தயங்குகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் அதிகம் குடித்து அடிக்கடி சிறுநீர் போகிறது என்றால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள்.

மனிதர்களின் மறதி நோய்க்கு இணையான ஒன்று நாய்களுக்கும் உண்டு. மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்கும், கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய்க் காத்திருக்கும், பகலும் இரவும் அதற்குத் தலைகீழாகிவிடும். முழுதாகக் குணமாகாதுதான், ஆனால் செலிகிலின் போன்ற மருந்தால் சில நாய்கள் நன்றாகவே தேறுகின்றன. ராத்திரி அது நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துப் போய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், பத்து நிமிடம் விவரிப்பதைவிட அது உதவும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. காலை வெயிலில் கொஞ்சம் நடத்துங்கள், மாலையில் தூங்கவிடாமல் மெதுவாக எழுப்பி, அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள், மோப்பம் பிடிப்பதே அதற்கு நல்ல வேலை. இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கடைசியாக ஒருமுறை சிறுநீர் கழிக்க வையுங்கள். தடிமனான மெத்தை, வழுக்காத விரிப்பு, சின்ன விளக்கு. முடிந்தால் உங்கள் அறையிலேயே படுக்கட்டும், கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு உங்கள் வாசனை பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம். எழுந்துவிட்டால் திட்டாதீர்கள், அது வேண்டுமென்று செய்யவில்லை. வெளியே கூட்டிப்போய்விட்டு, விளையாட்டும் தீனியும் இல்லாமல் மறுபடி படுக்க வையுங்கள்.

அப்புறம் ஒன்று: வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டு நிலைகொள்ளாமல் தவித்தால், அது தூக்கப் பிரச்சினையே இல்லை, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.