கேள்வி – பதில்: மஸ்கடே ஒயினும் அதற்கேற்ற கடல் உணவும்

பாரிஸில் ஆய்ஸ்டர் சிப்பியோடு மஸ்கடே என்ற வெள்ளை ஒயினைப் பரிந்துரைக்கிறார்கள். மஸ்கட் திராட்சை ஒயின் மாதிரி இனிக்குமா?
– வாசகி, புதுச்சேரி

இனிக்காது. மஸ்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், நாந்த் நகரைச் சுற்றி விளையும் ‘மெலோன் தெ பூர்கோன்’ திராட்சையில் செய்வது மஸ்கடே. 1709இன் கடுங்குளிரில் அங்கே கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் மெலோனைப் பரவலாக நட்டார்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாடை, நாக்கோரத்தில் லேசான உப்பு, சுமார் 12 சதவீத ஆல்கஹால். அவ்வளவுதான். தனியாகக் குடித்தால் சிலருக்குச் சப்பென்றிருக்கும். இது சாப்பாட்டு மேசைக்கான ஒயின்.

லேபிளில் ‘சூர் லீ’ என்று இருக்கிறது. கிளாஸில் ஊற்றியதும் பொடிக் குமிழி வருகிறது. கெட்டுவிட்டதா?
– வாசகர், பாரிஸ்

கெடவில்லை. புளித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகத் தங்கும். வழக்கமாக ஒயினை மண்டியிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். சூர் லீயில் குளிர்காலம் முழுக்க மண்டிமேலேயே விட்டுவைத்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1க்கு முன் பாட்டிலில் அடைக்கக்கூடாது என்பது விதி. தொட்டி மாற்றாததால் கொஞ்சம் கரியமிலவாயு உள்ளேயே தங்கும். நுனிநாக்கில் சுருக்கென்பது அதுதான். புது ரொட்டி வாசனையும் வாயில் தெரியும் கனமும் மண்டி கொடுப்பவை. இரண்டு பாட்டில் பக்கத்தில் இருந்தால் சூர் லீ போட்டதையே எடுங்கள்.

ஆய்ஸ்டரோடு எப்படிப் பரிமாறுவது?

ஒயின் 8 முதல் 10 டிகிரியில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் சரியாக வரும். ஐஸ் வாளியில் முக்கியே வைத்திருந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும்.

பலர் கோட்டை விடுவது தட்டில்தான். ஆய்ஸ்டர்மேல் எலுமிச்சை பிழிந்து, வினிகரில் ஊறிய வெங்காயமும் போட்டுவிட்டு, ஒயின் தண்ணீராக இருக்கிறது என்பார்கள். எலுமிச்சையின் வேலையை இங்கே ஒயினே செய்கிறது. இன்னொரு புளிப்பு வந்தால் ஒயின் தோற்றுவிடும். வெறும் ஆய்ஸ்டர், ரை என்ற தானிய மாவில் செய்த ரொட்டி, உப்பு வெண்ணெய் போதும்.

மஸ்கடே ஊற்றி மஸ்ஸல் சிப்பி சமைத்தேன். ரப்பராகவும் உப்புக்கரிப்பாகவும் ஆகிவிட்டது.
– வாசகர், லியோன்

ரப்பரானது அதிக நேரம் வெந்ததால். கரித்தது நீங்கள் உப்புப் போட்டதால். மஸ்ஸல் விடும் நீரே கடல் உப்பு.

ஒரு கிலோ மஸ்ஸலைத் தேய்த்துக் கழுவி, நார் பிடுங்குங்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். தட்டினாலும் மூடாமல் வாய் திறந்தே கிடப்பதை எறிந்துவிடுங்கள். அகலப் பாத்திரத்தில் 30 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, 150 மில்லி மஸ்கடே ஊற்றிக் கொதி வந்ததும் மஸ்ஸலைக் கொட்டி மூடுங்கள். அடுப்பு முழுத் தீயில் இருக்கட்டும். மூன்று, நான்கு நிமிடத்தில் பெரும்பாலும் திறந்துவிடும், உடனே இறக்குங்கள். திறக்காதது வேண்டாம். சாற்றை மெல்லிய துணியில் வடித்தால் மணல் நிற்கும். பார்ஸ்லி தூவி, அதே பாட்டிலின் மிச்சத்தோடு சாப்பிடலாம்.

மீனுக்கு ‘பேர் ப்ளான்’ சாஸ் செய்தால் வெண்ணெய் பிரிந்துவிடுகிறதே?

சூடு கூடிவிட்டது. இதுவும் நாந்த் பக்கத்துச் சாஸ்தான். சின்ன வெங்காயத்தோடு 100 மில்லி மஸ்கடே, இரண்டு மேசைக்கரண்டி வினிகரைச் சேர்த்து, இரண்டு கரண்டி மிஞ்சும்வரை சுண்டவையுங்கள். பிறகு மிகக் குறைந்த தீயில், 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருங்கள். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் பிரியும், கொதிக்கவே கூடாது. பிரிந்துபோனால் வேறு பாத்திரத்தில் ஒரு கரண்டி குளிர்ந்த நீர் விட்டு, சாஸைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். வினிகர் இருந்தும் ஒயின் தாக்குப்பிடிப்பது அவ்வளவு வெண்ணெய் இருப்பதால்தான்.

மீன் குழம்போடு சரிவருமா?

வராது. புளியும் மிளகாயும் இதை அமுக்கிவிடும்.

எத்தனை வருடம் வைக்கலாம்?

சாதாரண பாட்டிலை இரண்டு, மூன்று வருடத்தில் குடித்துவிடுங்கள். கிளிசோன், கோர்ஜ் என்று ஊர்ப்பெயர் போட்டவை வேறு ரகம். 2011இல் தனி அங்கீகாரம் பெற்றவை, மண்டிமேல் வெகுகாலம் கிடந்தவை. பத்து வருடம்கூடத் தாங்கும். அவற்றுக்கு ஆய்ஸ்டரைவிட க்ரீமில் வேகவைத்த கோழி பொருந்தும்.