சிகிச்சைக்குக் கிளம்புமுன் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்

கேள்வி: எனக்கு 39 வயது, கணவருக்கு 43. எட்டு வருடமாகக் குழந்தைக்காக முயல்கிறோம். என் கருமுட்டையை வைத்து மூன்று முறை ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்தும் தங்கவில்லை. தானமாகப் பெற்ற கருமுட்டையில் முயன்றால் வாய்ப்பு உண்டு என்கிறார் மருத்துவர். நாங்கள் வாழும் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. அதனால் வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையைப் பார்த்து வைத்திருக்கிறோம். அவர்கள் தங்கள் மொழியில் 14 பக்க ஒப்புதல் படிவமும் இரண்டு பக்க ஆங்கிலச் சுருக்கமும் அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் கையெழுத்திட்டு முழுப் பணமும் கட்டினால்தான் தேதி கொடுப்பார்களாம். கணவருக்கு ஒரு தடவைதான் விடுப்பு கிடைக்கும். எங்கள் திருமணம் உறவினர் முன்னிலையில் நடந்தது, பதிவு செய்யவில்லை. நாங்கள் செய்யப்போவது குற்றமா? குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போகுமுன் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மிகச் சிறிதாக வந்துபோகும் வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. ‘பதிவு செய்யவில்லை.’ பாஸ்போர்ட், குற்றம், படிவம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் இதைப் பேசிவிடுவோம்.

தானம் பெற்றுப் பிறக்கும் குழந்தைக்குத் தாய் யார் என்பதில் பெரும்பாலான நாடுகளின் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. பெற்றெடுத்தவள் தாய். கருமுட்டை யாருடையது என்று பதிவாளர் கேட்பதில்லை. ஜெர்மனியின் சிவில் சட்டமும் பிரிட்டனின் 2008-ஆம் ஆண்டு மனிதக் கருத்தரிப்பு, கருவியல் சட்டமும் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் தாயாவதில் சந்தேகம் வேண்டாம்.

தந்தை விஷயம் அப்படியல்ல. தந்தை யார் என்பதைச் சட்டம் பெரும்பாலும் திருமணத்தின் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறது. பிரிட்டனின் அதே சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தானமாக வந்த விந்தணுவில் கருத்தரித்தால், உலகின் எந்த மூலையில் சிகிச்சை நடந்திருந்தாலும் கணவர்தான் தந்தை. அவர் சம்மதிக்கவில்லை என்று நிரூபித்தாலொழிய அது மாறாது. சட்டப்படி கணவர் அல்லாத துணைவருக்கோ, அந்த நாட்டு உரிமம் பெற்ற மருத்துவமனையில், உரிய படிவங்களோடு சிகிச்சை நடந்திருந்தால்தான் இந்தத் தந்தை அந்தஸ்து. அதே தம்பதி, அதே சம்மதம், அதே சிகிச்சை. விமானம் ஏறினார்கள் என்பதற்காக ஒருவர் தந்தை, இன்னொருவர் யாரோ.

உங்கள் விஷயத்தில் விந்தணு கணவருடையது. அதனால் இவ்வளவு மோசமாகாது. கடைசியில் மரபணுப் பரிசோதனையாவது கைகொடுக்கும். ஆனால் ஒரு குழந்தை பிறந்து, நீங்கள் தூக்கமில்லாமல் கிடக்கும் நாட்களில், கணவர் பரிசோதனைக்கு எச்சில் கொடுத்து நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டுமா? இப்போதே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பழைய திருமணத்தைப் பின்னாளில் பதிவு செய்ய உங்கள் நாட்டில் வழி இருந்தால் அப்படி. இல்லையென்றால் புதிதாகவே பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில நாடுகளில் சிகிச்சை நடந்த அன்று நீங்கள் மணமானவர்களா என்றுதான் பார்ப்பார்கள். கருவைக் கருப்பையில் வைத்த பிறகு செய்யும் பதிவு அந்தக் கேள்விக்கு விடையாகாது.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமல் போடச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு தீராத தலைவலி. ஒரு தாளில் தந்தை பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் கணவர் பெயர். வெளிநாட்டு மருத்துவமனை இதை மூன்று தனித்தனி நபர்கள் என்று எடுத்துக்கொண்டாலும் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் வந்ததும் அதற்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வாங்குங்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால் அந்த ஒரு முத்திரை போதும். இல்லாவிட்டால் தூதரகம் வரை அலைய வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும்.

சரி, குற்றமா என்று கேட்டீர்கள். இரண்டு நாடுகளின் பெயரையும் நீங்கள் எழுதவில்லை. அதனால் பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் நாட்டுக்கு எது பொருந்துகிறது என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கருமுட்டை தானத்தைத் தடுக்கும் நாடுகள் எல்லாம் ஒரே மாதிரித் தடுப்பதில்லை. ஜெர்மனியில் 1990-இல் வந்த கருப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தண்டிக்கிறது. சிகிச்சை பெறும் பெண்ணைத் தண்டிப்பதில்லை. இப்படிப்பட்ட நாடு என்றால் நீங்கள் போய்வருவது குற்றமாகாது. ஆனால் உள்ளூர் மருத்துவர் முன்தயாரிப்பு ஸ்கேனும் ஊசியும் எழுதித்தரத் தயங்கலாம். அவருக்கு அவர் உரிமம் முக்கியம், கோபித்துக்கொள்ளாதீர்கள். துருக்கி வேறு ரகம். தானமே அங்கே கூடாது என்பதோடு, அதற்காக வெளிநாடு போவதையும் தடுக்கும் விதியை 2010-இல் கொண்டுவந்தது. இத்தாலி 2024-இல் இன்னும் ஒரு படி போய், தன் குடிமக்கள் உலகில் எங்கே வாடகைத் தாய் ஏற்பாடு செய்தாலும் சிறையும் அபராதமும் என்று சட்டம் போட்டது. அது வாடகைத் தாய்க்கு மட்டும். கருமுட்டை தானத்தைத் தொடாது.

உங்கள் சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் பயமும் வாடகைத் தாய் வழக்குகளிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். 2008-இல் ஒரு ஜெர்மானியத் தம்பதிக்கு இந்தியாவில் வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஜெர்மனி தன் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தது. இந்தியக் குடிமக்களா என்பதும் வழக்கானது. கடைசியில் தத்தெடுப்பு வழியாக 2010-இல்தான் அந்தக் குழந்தைகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இப்படி ஒரு செய்தி படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் நீங்களே சுமந்து, உங்கள் நாட்டுக்குத் திரும்பி, அங்கேயே பெற்றெடுக்கப் போகிறீர்கள். அந்தக் குழந்தையின் பிறப்புப் பதிவு மற்றக் குழந்தைகளின் பதிவைப் போலவேதான் இருக்கும். சிகிச்சை எங்கே நடந்தது என்ற கட்டமே பெரும்பாலும் படிவத்தில் இருக்காது. பிரசவத்தையும் வெளிநாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாத சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

இனி அந்த 14 பக்கம். இரண்டு பக்கச் சுருக்கத்தைப் படித்து 14 பக்கத்தில் கையெழுத்திடுவது, பார்க்காத வீட்டுக்குக் கிரயம் எழுதுவது போல. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் முழுவதையும் கொடுங்கள். வந்ததும், சிகிச்சை பற்றிய பக்கங்களை வேகமாகத் தாண்டி, மிச்சமாகும் கருக்களைப் பற்றிய பிரிவைத் தேடுங்கள். என் அனுபவத்தில் பின்னாளில் வழக்காவது அந்தப் பக்கம்தான். கையெழுத்திடும் நாளில் யாருமே நின்று படிக்காததும் அதுவே.

ஒரு சிகிச்சைச் சுழற்சியில் ஐந்தாறு கருக்கள் உருவாகலாம். ஒன்றைக் கருப்பையில் வைப்பார்கள், மற்றவற்றை உறைய வைத்துச் சேமிப்பார்கள். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? பிரிட்டனில் 2022 முதல், பத்து வருடத்துக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பித்து 55 வருடம் வரை வைக்கலாம். உங்கள் மருத்துவமனையின் நாட்டில் காலம் வேறாக இருக்கும். சேமிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் என்ன? அழித்துவிடுவார்களா, ஆராய்ச்சிக்கா, இன்னொரு தம்பதிக்கா? நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் எது தானாகப் பொருந்தும் என்று படிவத்திலேயே இருக்கும். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று: உங்கள் நாட்டில் தானம் கூடாதென்றால் அந்தக் கருக்களைப் பின்னால் அங்கே கொண்டுவரவும் முடியாமல் போகலாம். அப்படியானால் இரண்டாவது குழந்தைக்கும் அதே விமானம்தான்.

கேட்கவே சங்கடமான கேள்விகளும் உண்டு. நீங்கள் பிரிந்துவிட்டால்? ஒருவர் இறந்துவிட்டால்? பிரிட்டனில் ஒரு ஜோடி பிரிந்த பிறகு, ஆண் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளுக்கான சிகிச்சையில் சினைப்பைகளை இழந்திருந்த அந்தப் பெண்ணுக்கு உறைந்திருந்த கருக்கள்தான் தன் ரத்தத்தில் ஒரு குழந்தை பெறக் கடைசி வாய்ப்பு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2007-இல் தோற்றார். கரு கருப்பைக்குள் போகும்வரை இருவரில் யாரும் மனம் மாறலாம் என்ற சட்டத்தில் தவறில்லை என்றது நீதிமன்றம்.

இறப்பைப் பற்றியும் அதே நாட்டிலிருந்து ஒரு வழக்கு சொல்கிறேன். 1995-இல் மூளைக்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த கணவரிடமிருந்து விந்தணு எடுக்கப்பட்டது. அவர் இறந்துவிட்டார். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாததால் உள்நாட்டில் அதைப் பயன்படுத்த முடியவில்லை. மனைவி போராடி, 1997-இல் பெல்ஜியத்துக்கு எடுத்துச்செல்ல அனுமதி பெற்றார். 1998-இல் மகன் பிறந்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் எழுத 2003-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு தாளில் ஒரு கையெழுத்து இல்லாததற்கு எட்டு வருடம். இறந்தாலும் பயன்படுத்தலாமா, கூடாதா என்று கணவர் எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் சரி, முடிவை எழுதிவிட்டுப் போங்கள்.

கணவரின் ஒற்றை விடுப்பை முதல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பாஸ்போர்ட்டைக் காட்டி, மருத்துவர் முன்னால் கையெழுத்திடட்டும். விந்தணு மாதிரியையும் அப்போதே கொடுத்து உறைய வைத்துவிடலாம். கரு வைக்கும் நாளில் மருத்துவமனை புதிதாக இன்னொரு சம்மதம் கேட்குமா என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்கும் என்றால் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கிய தாளை ஏற்பார்களா, அது எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘பரவாயில்லை மேடம்’ என்று சொன்னவர் அன்றைக்கு வேலையிலேயே இருக்க மாட்டார்.

தானம் தருபவர் யார் என்பதை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். ஸ்பெயினிலும் செக் குடியரசிலும் அவர் பெயர் ரகசியம். குழந்தை வளர்ந்து கேட்டாலும் தர மாட்டார்கள். சுவீடன் 1985 முதலே பிள்ளைக்கு அறியும் உரிமை தந்த நாடு. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் தந்தவரின் அடையாளத்தை 18 வயதில் கேட்டுப் பெறலாம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தத் தேர்வின் பலனை அனுபவிக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை என்பதால் என் மனம் வெளிப்படையான நாட்டின் பக்கம்தான் சாய்கிறது. ரகசிய நாட்டையே தேர்ந்தெடுத்தாலும், தானம் தந்தவரின் வயது, ரத்த வகை, குடும்ப நோய் வரலாறு, செய்த மரபணுப் பரிசோதனைகள் இவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 30 வருடம் காக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் பிள்ளைக்கு 35 வயதில் ஒரு மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கலாமே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முழுத்தொகையும் முன்பே கட்டாதீர்கள். கட்டம் கட்டமாகக் கேளுங்கள். தானம் தருபவர் பின்வாங்கினால், கரு உருவாகாவிட்டால், உங்களுக்குக் காய்ச்சல் வந்து தேதி தள்ளினால் எவ்வளவு திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இடையில் ஏஜென்ட் இருந்தால், பணம் போவது மருத்துவமனைக் கணக்குக்கா என்று பாருங்கள். வழக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். அநேகமாக அவர்கள் நாடு என்றுதான் இருக்கும். பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் பெரும்பாலும் விலக்கிவிடும் என்பதால் பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். மருந்து, ஊசிகளை மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். குளிரில் வைக்க வேண்டியவை இருக்கும்.

திரும்பி வரும்போது எத்தனை கரு வைத்தார்கள், என்ன மருந்து, எந்தத் தேதி என்ற முழு அறிக்கையும், நீங்கள் கையெழுத்திட்ட எல்லாப் படிவங்களின் நகலும் கையில் இருக்க வேண்டும். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அதைக் காட்ட வேண்டிவரும். தானக் கருமுட்டை என்பதை மட்டும் அவரிடம் மறைக்க வேண்டாம், ரத்த அழுத்தம் முதலானவற்றைக் கூடுதலாகக் கவனிப்பார்.

திருமணப் பதிவுச் சான்று வந்ததும், இரு நாடுகளின் பெயரையும் மொழிபெயர்த்த படிவத்தில் மிச்சக் கருக்கள் பற்றிய பக்கத்தையும் அனுப்புங்கள். அதுவரை எதிலும் கையெழுத்திட வேண்டாம். தேதி போய்விடும் என்று மருத்துவமனை அவசரப்படுத்தினால், படிவம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள்.