ஸ்வீடன் காட்டில் யார் வேண்டுமானாலும் காளான் பறித்து அங்கேயே சமைக்கலாமா?

சமைக்கலாம். அல்லமான்ஸ்ரெத்தன் என்பது அங்குள்ள பொது உரிமை. காடு அடுத்தவருடையதாக இருந்தாலும் அதில் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம், தானாக விளைந்த பெர்ரி, காளான்களைப் பறிக்கலாம். வழிவழியாக வந்த இந்த வழக்கம் 1994 முதல் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. நிலக்காரர் நட்டு வளர்க்காத பொருள் என்பதால் பறிப்பதில் அவருக்குப் பெரிய நட்டமில்லை. வயல் வரப்பில் நடப்பவரை யாரும் தடுப்பதில்லை. பயிரை மிதித்தால் சும்மா விடுவார்களா? அதே கதைதான்.

சரி, அடுப்பு? வறண்ட காலத்தில் அதிகாரிகள் தடை போடாதவரை தீ மூட்டலாம். பாறை மேல் மட்டும் வேண்டாம். சூட்டில் வெடித்துவிடும், அந்தத் தழும்பு மாறவே மாறாது. மணலோ சரளையோ நல்லது. சுடர் அடங்கித் தணலானதும் வாணலியை வையுங்கள். மஞ்சள் நிற சாண்டரெல் காளானை முதலில் வெறும் வாணலியில் போட்டால் தண்ணீர் விடும். அது வற்றியபின் வெண்ணெயும் உப்பும். (காளானை அடையாளம் தெரியாதவர்கள் பெர்ரியோடு நிறுத்திக்கொள்வது உயிருக்கு நல்லது.)

காட்டில் இருப்பதெல்லாம் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்கும் மரத்தின் கிளையையோ பட்டையையோ விறகுக்கு எடுக்கக் கூடாது, தரையில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளை மட்டுமே பொறுக்கலாம்.