விமானத்தில் மறுபடி மாஸ்க் கட்டாயம் என்றால், கீழக்கரையிலிருந்து மதுரை வழியாகத் துபாய் போகிறவர் எப்படித் தயாராக வேண்டும்?

இந்திய விமானங்களில் மாஸ்க் கட்டாயம் 2022 நவம்பர் 16ஆம் தேதியோடு விலக்கப்பட்டது. திரும்ப வந்தால், பிரச்சினை விமானத்துக்குள் இல்லை, அதுவரை போகிற ரோட்டில்தான்.

கீழக்கரையில் போட்ட மாஸ்க் பரமக்குடி வருவதற்குள் வியர்வையில் ஊறிவிடும். விரகனூர் ரிங் ரோட்டில் திரும்பி ஏர்போர்ட் சேர மூன்று மணி நேரம் போல ஆகும். ஈர மாஸ்க்கில் மூச்சு இழுப்பது சிரமம், கை தானாக அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிடும். 2021 மார்ச்சில் வந்த உத்தரவில், சொல்லியும் சரியாகப் போடாதவரைக் கிளம்பும் முன்பே இறக்கிவிட இடமிருந்தது.

அதனால் வழிக்கு இரண்டு சர்ஜிக்கல் மாஸ்க். டெர்மினல் வாசலில் முகத்தைத் துண்டால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, புது என்95 பிரியுங்கள். வால்வு வைத்தது வேண்டாம். விடுகிற மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும் என்பதால் பல விமான நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பு மாதிரி இடைவெளி விழும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நடுவில் வைத்து, இரு பக்கமும் கன்னம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு பலமாக ஊதிப் பாருங்கள்: கண்ணில் காற்று பட்டால், கண்ணாடி மூடுபனி போட்டால், இன்னும் ஒட்டவில்லை.

தாடி வைத்தவர்களுக்கு என்95 எப்படி அழுத்தினாலும் ஓரத்தில் கசியும். சர்ஜிக்கல் மேல் இறுக்கமான துணி மாஸ்க் போட்டால் கசிவு குறையும். பர்தா போடுகிறவர்கள் மாஸ்க் காதுக் கயிற்றைத் துணிக்கு உள்ளே விட்டால், பாதுகாப்புச் சோதனையிலும் இமிக்ரேஷன் கேமரா முன்னாலும் முகம் காட்ட எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். இரண்டு கயிற்றையும் தலைக்குப் பின்னால், துணிக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் வேலை சுலபம், காதும் வலிக்காது.

பறக்கும்போது கேபின் காற்று, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுற்றும். காற்றோட்டம் குறையக்கூடியது தரையில் நிற்கும்போதுதான். ஏறி உட்கார்ந்ததும், இறங்கக் கூட்டமாக எழுந்து நிற்கும்போதும் கழற்றாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் மாஸ்க் கழற்றாமல் இருக்க, பக்கத்து சீட்காரர் சாப்பிட்டு முடித்த பிறகு உங்கள் சாப்பாட்டைப் பிரியுங்கள். நம்ம ஊர் இனிப்பான தொதலை மட்டும் அப்போது எடுக்க வேண்டாம், அதை மென்று முடிக்க நேரம் பிடிக்கும்!

என்95ஐ சோப்புப் போட்டு அலசினால் தூசியைப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும், பிறகு அது வெறும் துணிதான். கழற்றியதைக் காகிதக் கவரில் போடுங்கள். பாலிதீனில் ஈரம் தங்கும். மாற்று என்95 ஒன்று கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் துபாயில் இறங்கித்தான் கிடைக்கும்.